ஒப்பந்தத்தோடு போன கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வெளிநாட்டுப் படைகள் இன்னொரு நாட்டுக்குள் நுழைவது சரியா தவறா என்ற விவாதம் வரும்போதெல்லாம் நம்மவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "எல்லாம் எண்ணெய்க்காகத்தான்" என்பது ஓர் அணி. "சனம் சாகும்போது கைகட்டி நிற்க முடியுமா, யாராவது வந்துதானே ஆகவேண்டும்" என்பது மற்ற அணி. இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டு அணியுமே தலைவர்களின் உரைகளை வைத்துக்கொண்டுதான் வாதாடுகின்றன. உரையைக் கேட்டு நோக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது. படைக்குக் கொடுக்கப்பட்ட ஆணையின் வாசகத்தைப் பார்க்கவேண்டும், அதற்குப் பின்னால் எத்தனை ஆளும் எத்தனை லொறியும் போனது என்று பார்க்கவேண்டும், படை திரும்பிய பிறகு யார் கணக்குத் தீர்த்தார் என்று பார்க்கவேண்டும்.

தூரத்து நாடுகளுக்குப் போகுமுன் நம் நாட்டில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 1987 ஜூலை 29ஆம் திகதி இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசாத தமிழர் இல்லை. அதே நாளில் இருவருக்கும் இடையே பரிமாறப்பட்ட கடிதங்களை வாசித்தவர்கள் மிகக் குறைவு. ஒப்பந்தத்தில் இருப்பது போர் நிறுத்தம், மாகாண ஆட்சி, வடக்கு கிழக்கு இணைப்பு, மொழி. கடிதத்தில் இருப்பது வேறு. இலங்கையில் இருக்கும் வெளிநாட்டு இராணுவ, உளவு ஆட்கள் பற்றி இரு நாடுகளும் விரைவில் ஓர் உடன்பாட்டுக்கு வரவேண்டும். திருகோணமலை உட்பட எந்தத் துறைமுகத்தையும் இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத்துக்கும் கொடுக்கக்கூடாது. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளைத் திருத்தி இயக்கும் வேலையை இரு நாடுகளும் கூட்டாகச் செய்யவேண்டும். வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களுடனான உடன்படிக்கைகளை, அவை இராணுவத்துக்கோ உளவுக்கோ பயன்படாதபடி மீளாய்வு செய்யவேண்டும். தமிழருடைய உரிமை பற்றி அந்தக் கடிதத்தின் நிபந்தனைகளில் ஒரு வரி இல்லை.

இன்று அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022 ஜனவரியில் திருகோணமலைத் தாங்கிகள் 99க்கும் பங்கீடு கைச்சாத்தாகிவிட்டது: 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டுக்கும் பொதுவான கம்பனிக்கு, அதில் 51 வீதம் இலங்கைக்கு. கடிதத்தில் எழுதியது முப்பத்தைந்து வருடம் கழித்தும் மறக்கப்படவில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய வடக்கு கிழக்கு இணைப்பை 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மாகாண சபைக்கு நாட்டில் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014இல், ஊவாவில். இந்தியா தமிழருக்காகக் கவலைப்படவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தமிழ்நாட்டின் கொதிப்பு, அகதிகளின் வருகை, 1983 தமிழர் எதிர்ப்புக் கலவரத்தின் அதிர்ச்சி எல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் பல காரணங்களோடு வரும் படை, பிறகு எந்தக் காரணத்துக்காக விடாமல் நிற்கும் என்பது இந்த இரண்டு தாள்களிலிருந்து தெரிகிறது.

ஆணைக்கும் வேலைக்கும் இடையே விழுந்த பள்ளமும் இங்கேதான் தெளிவாகத் தெரியும். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு சொன்னது, போர் நிறுத்தத்தை உறுதிப்படுத்த ஜனாதிபதி விரும்பினால் இந்திய அமைதி காக்கும் அணியை அழைக்கலாம் என்பதுதான். 48 மணி நேரத்தில் சண்டை நிற்கவேண்டும், அதிலிருந்து 72 மணி நேரத்தில் ஆயுதங்கள் ஒப்படைக்கப்படவேண்டும். ஆயுதம் வைத்திருந்த விடுதலைப் புலிகளோ மற்ற இயக்கங்களோ அந்தத் தாளில் கையெழுத்திடவில்லை. ஆயுதத்தை வாங்கி அடுக்குவதற்கு வந்த படை, 73 நாளில், ஒக்டோபர் 10ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்தைப் புலிகளிடமிருந்து சண்டையிட்டுப் பிடிக்கும் படையாக மாறியது. அந்த மாற்றத்துக்கு உரிய ஆளும் இல்லை, தகவலும் இல்லை. மறுநாள் இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகொப்டரில் இறக்கப்பட்ட சீக்கியப் படையணியின் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அடுத்தடுத்து வரவேண்டிய அணிகளை இறக்க முடியாமல் போனதால் அவர்கள் தனித்து மாட்டிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து, தீபாவளி அன்று, யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்த படையினர் வைத்தியர்கள், தாதிகள், நோயாளிகள் என 60க்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். 1990 மார்ச் 24ஆம் திகதி கடைசிக் கப்பல் புறப்படும்போது ஆயிரத்து நூறுக்கும் அதிகமான இந்தியச் சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். பொதுமக்களின் கணக்கு இன்னும் ஒழுங்காக எடுக்கப்படவில்லை.

இனி, 2003இல் அமெரிக்கா படையெடுத்த ஈராக். "எண்ணெய்க்காக" என்ற வாதத்தை அதன் சொந்த இடத்திலேயே சோதிக்கலாம். 2009 ஜூனில் ஈராக் தன் எண்ணெய் வயல்களை ஏலம் விட்டபோது, ருமைலா என்ற மாபெரும் வயலைப் பிரித்தானியாவின் பீ.பீ. நிறுவனமும் சீனாவின் அரச நிறுவனமும் சேர்ந்து எடுத்தன. கேட்டது பீப்பாய்க்கு 3.99 டொலர், ஈராக் கொடுத்தது 2 டொலர் கூலி. எண்ணெய் ஈராக்குக்கே சொந்தம். ஒரு துளிகூடப் போரில் பங்கெடுக்காத சீனா அதற்குப் பிறகு ஈராக் எண்ணெயின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்றாகிவிட்டது. வயலைக் கைப்பற்றுவதுதான் நோக்கம் என்றால் இது விளங்காத கணக்கு. எண்ணெய் இல்லாத நாடாக ஈராக் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருப்பார்களா என்றால், போயிருக்கமாட்டார்கள் என்பதே என் முடிவு. வளைகுடாவில் யார் சொல்வது நடக்கவேண்டும் என்ற கணக்கு, செப்டெம்பர் 11க்குப் பிறகு வந்த பயம், உள்நாட்டு அரசியல், 1991 வளைகுடாப் போரில் பாதியில் விட்ட வேலை என்ற எண்ணம் எல்லாம் ஒன்றாகக் கலந்த முடிவு அது. ஒரே சொல்லில் அடக்கினால் அடுத்த போரை அடையாளம் காணத் தவறிவிடுவோம்.

அடையாளம் காண உதவுவது ஆணையின் வாசகம். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் மொழியில் "தேவையான சகல வழிமுறைகளும்" என்றால் ஆயுதம் எடுக்கலாம் என்று பொருள். 1990 நவம்பர் 29ஆம் திகதி நிறைவேறிய 678ஆம் தீர்மானத்தில் அந்தச் சொற்கள் இருந்தன, 1991 ஜனவரி 15 என்ற காலக்கெடுவும் இருந்தது. குவைத்திலிருந்து ஈராக்கை வெளியேற்றுவது வேலை. தரைப்போர் நூறு மணி நேரத்தில் முடிந்தது. 2002 நவம்பரின் 1441ஆம் தீர்மானம் 15க்குப் பூச்சியம் என்று ஏகமனதாக நிறைவேறியது, ஆனால் அதில் இருந்தது "கடுமையான விளைவுகள்" என்ற சொல் மட்டுமே. அதனால்தான் இரண்டாவது தீர்மானம் ஒன்றுக்கு அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஸ்பெயினும் ஓடித்திரிந்தன, கிடைக்காது என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டன, 2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் படையெடுத்தன. பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே 2004இல் அறிக்கை கொடுத்தது. சமாதான வழிகள் தீர்ந்துபோகுமுன்பே போருக்குப் போனதாக பிரித்தானியாவின் சில்கொட் விசாரணை 2016இல் சொன்னது. அதற்கு ஏழு வருடமும் 26 இலட்சம் சொற்களும் தேவைப்பட்டன. தீர்மானத்தின் இரண்டு சொல்லை ஒப்பிட்டவர்களுக்கு 2002லேயே பாதி விடை தெரிந்திருந்தது.

ஆள் கணக்கும் அப்படித்தான். கலகத்தை அடக்கி ஒரு நாட்டில் ஒழுங்கை நிலைநிறுத்த ஆயிரம் மக்களுக்கு 20 முதல் 25 பேர் தேவை என்று அமெரிக்க இராணுவத்தின் 2006ஆம் ஆண்டுக் கையேடே சொல்கிறது. ஈராக்கின் சனத்தொகை அப்போது சுமார் இரண்டரைக் கோடி. அப்படியென்றால் ஐந்து இலட்சம் பேர். போனது ஏறக்குறைய ஒன்றரை இலட்சம். அதுவும் ஒரு சிப்பாய் களத்தில் நிற்க, இன்னொருவர் பயிற்சியில் இருக்கவேண்டும், மூன்றாமவர் திரும்பி வந்து ஓய்வில் இருப்பார், ஆகவே அனுப்பியதைவிட மூன்று மடங்கு ஆள் கையில் இருக்கவேண்டும். பல இலட்சம் பேர் தேவைப்படும் என்று போருக்கு முன்பே அமெரிக்க இராணுவத் தளபதி ஷின்செகி செனட் குழுவிடம் சொன்னார். அவர் பேச்சை மேலிடம் பகிரங்கமாகவே மறுத்தது. ஆள் போதாததால் ஆயுதக் களஞ்சியங்கள் காவலின்றிக் கிடந்தன. அல் கக்காஆ என்ற ஓர் இடத்திலிருந்து மட்டும் 340 தொன் வரை சக்திமிக்க வெடிமருந்து காணாமல் போனது. 2003 மே 23ஆம் திகதி ஈராக்கை ஆள அமெரிக்கா நியமித்த நிர்வாகி பிரெமர் ஒரே கட்டளையில் ஈராக் இராணுவத்தைக் கலைத்தார். ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர் துவக்கு பிடிக்கத் தெரிந்த கையோடும் வெறும் வயிற்றோடும் வீட்டுக்குப் போனார்கள். காவலில்லாத வெடிமருந்தும் வேலையில்லாத சிப்பாயும் ஒரே மாதங்களில் தெருவுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை வீதியோரக் குண்டுகள் காட்டின.

மலைநாட்டில் இருக்கும் நமக்கு ஆப்கானிஸ்தான் கதை இன்னும் நன்றாக விளங்கும். கொழும்பிலிருந்து கடுகண்ணாவை ஏறிவரும் மூட்டைக்கு என்ன கூலி ஏறுகிறது என்று நம் கடைக்காரர்களுக்குத் தெரியும். ஆப்கானிஸ்தானுக்குக் கடல் இல்லை. எரிபொருள் கராச்சியில் இறங்கி, லொறியில் கைபர் கணவாய் வழியாகவோ சமன் வழியாகவோ ஏறி, காவல் வண்டிகளோடு அமெரிக்க முகாமுக்குப் போய், அங்கிருந்து மலை உச்சிக் காவலரண்களுக்கு ஹெலிகொப்டரில் தூக்கப்பட்டது. தூக்கும் ஹெலிகொப்டரும் எரிபொருள் குடிக்கும். இப்படிப் போய்ச் சேர்ந்த ஒரு கலன் (கேலன்) எரிபொருளுக்குச் சில இடங்களில் 400 டொலர் வரை செலவாகிறது என்று 2009இல் அமெரிக்க காங்கிரஸிடம் பாதுகாப்பு அமைச்சு சொன்னது. லீற்றருக்கு நூறு டொலருக்கு மேல். 2011 நவம்பரில் எல்லையில் அமெரிக்கக் கூட்டுப்படை நடத்திய விமானத் தாக்குதலில் 24 பாகிஸ்தான் சிப்பாய்கள் இறந்ததும் பாகிஸ்தான் அந்த வீதியையே பூட்டியது. ஏழு மாதம் மத்திய ஆசியாவைச் சுற்றிச் சாமான் கொண்டுபோனதில் மாதத்துக்குப் பத்துக் கோடி டொலர் மேலதிகச் செலவு. வழி இன்னொருவன் கையில் இருந்தால் போரும் பாதி அவன் கையில்தான்.

அங்கே அமெரிக்கா வாங்கிக் கொடுத்த விமானங்களைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். ஆப்கான் விமானப்படைக்காக இத்தாலியில் செய்த ஜி-222 ரகச் சரக்கு விமானம் 20 வாங்கினார்கள். செலவு 54 கோடி 90 இலட்சம் டொலர். அந்த ரகத்தின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது, உதிரிப் பாகம் தேட வழியில்லை, தூசியும் வெப்பமும் உள்ள இடத்தில் அவை அடிக்கடி படுத்தன. 2014இல் அவற்றில் 16ஐ உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். கிடைத்தது சுமார் 40,000 டொலர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த எவருக்கும் இது புரியும்: ரோலர் எவ்வளவு விலை என்பதைக் கேட்குமுன் அதன் பெயாரிங் எங்கே கிடைக்கும், ஃபிட்டருக்கு அதைக் கழற்றத் தெரியுமா என்று கேட்பார்கள். ஆப்கான் மெக்கானிக்குகளுக்குப் பல வருடம் பழக்கமான ரஷ்ய எம்.ஐ.-17 ஹெலிகொப்டரை விட்டு அமெரிக்கத் தயாரிப்பான பிளெக் ஹோக்குக்கு மாற்றியதிலும் இதே பிழை. அவற்றைப் பராமரித்தவர்கள் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள். 2021இல் அவர்கள் வெளியேறியதும் விமானங்கள் தரையில் நின்றன, தூரத்து முகாம்களுக்கு உணவும் துப்பாக்கி ரவையும் போகவில்லை, ஓகஸ்ட் 15ஆம் திகதி காபூல் தலிபான்களிடம் விழுந்தது. அந்தச் சிப்பாய்கள் கோழைகள் என்று எழுதியவர்களை மன்னிக்க முடியவில்லை. ஆப்கான் படையினரும் பொலிஸாரும் அதற்கு முன் அறுபதாயிரத்துக்கும் அதிகமாக இறந்திருந்தார்கள்.

லிபியாவில் ஆணை நல்லதாகவே எழுதப்பட்டிருந்தது. 2011 மார்ச் 17ஆம் திகதியின் 1973ஆம் தீர்மானம் பொதுமக்களைக் காக்க எதையும் செய்யலாம், ஆனால் எந்த வடிவிலும் அந்நிய ஆக்கிரமிப்புப் படை இறங்கக்கூடாது என்றது. ரஷ்யா, சீனா, இந்தியா, ஜெர்மனி, பிரேசில் ஐந்தும் எதிர்க்காமல் ஒதுங்கி நின்றன. கிளர்ச்சியாளர் கையிலிருந்த பெங்காசி நகரைக் காப்பதில் தொடங்கியது ஆட்சியைக் கவிழ்ப்பதில் போய் முடிந்தது. ஒக்டோபர் 20ஆம் திகதி லிபியத் தலைவர் கடாபி கொல்லப்பட்டார், அந்த மாத இறுதியில் அமெரிக்க ஐரோப்பிய இராணுவக் கூட்டணியான நேட்டோ வேலை முடிந்தது என்று கிளம்பியது. தரையில் யாரும் இல்லை, களஞ்சியங்களுக்குக் காவல் இல்லை. அந்த ஆயுதங்களோடு பாலைவனம் தாண்டிப் போனவர்கள் 2012 ஜனவரியில் மாலியில் கலகம் தொடங்கினார்கள். அதை அடக்க 2013 ஜனவரியில் பிரான்ஸ் போய், பெயர் மாற்றி மாற்றி, 2022வரை நின்றது. இன்னொரு விலையும் உண்டு. லிபியாவில் தாம் ஏமாற்றப்பட்டதாகச் சொல்லி, 2011 ஒக்டோபர் 4ஆம் திகதி சிரியா பற்றிய தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் சேர்ந்து வீட்டோ செய்தன. அதற்குப் பிறகு சிரிய மக்கள் எத்தனை முறை கதறியும் அந்தக் கதவு திறக்கவில்லை. ஆணையை மீறியவர்கள் கெடுத்தது லிபியாவை மட்டுமல்ல, அடுத்து உதவி கேட்கப்போகிறவனின் வாய்ப்பையும்தான்.

ஆகவே யாரும் எங்கும் போகவே கூடாது என்கிறேனா? ருவாண்டாவை நினைத்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. 1994 ஏப்ரலில் கொலைகள் தொடங்கி இரண்டு வாரத்தில், அங்கிருந்த ஐ.நா. படையைச் சுமார் 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்புச் சபை வாக்களித்தது. எட்டு இலட்சம் பேர் வரை செத்தார்கள். 1971 டிசம்பரில் இந்தியா கிழக்குப் பாகிஸ்தானுக்குள் (இன்றைய பங்களாதேஷ்) போனதில் பாகிஸ்தானைப் பலவீனப்படுத்தும் கணக்கு இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்திருந்தார்கள், போர் 13 நாளில் முடிந்தது, 1972 மார்ச்சில் படை வெளியேறிவிட்டது. வியட்நாம் 1978 இறுதியில் கம்போடியாவுக்குள் போனது தன் எல்லையைக் காக்க. இனக்கொலை செய்த பொல்பொட்டின் ஆட்சியை வீழ்த்தியது அந்தப் படைதான். ஆனாலும் பல வருடம் கம்போடியாவின் ஐ.நா. ஆசனம் பொல்பொட்டின் ஆட்களிடமே இருந்தது. நோக்கம் சுத்தமில்லாமலேயே உயிர்கள் காப்பாற்றப்படலாம், நல்ல நோக்கத்தோடு போயும் ஒரு நாடு சிதறலாம். நோக்கத்தையும் விளைவையும் தனித்தனியே நிறுக்கவேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனிக் கணக்கு. ஈராக் போருக்கு 5,000 கோடி முதல் 6,000 கோடி டொலர் போதும் என்று தொடக்கத்தில் சொன்னார்கள். 10,000 கோடி முதல் 20,000 கோடிவரை போகலாம் என்று சொன்ன வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர் லோரன்ஸ் லின்ட்சி சில மாதத்தில் பதவி இழந்தார். செப்டெம்பர் 11க்குப் பிந்திய போர்களுக்கு மொத்தம் 8 இலட்சம் கோடி டொலர் என்று அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கணித்தார்கள். அதில் 2.2 இலட்சம் கோடி, காயப்பட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்கு 2050வரை கொடுக்கவேண்டிய வைத்தியச் செலவும் உதவித்தொகையும். போருக்கென்று வரி கூட்டவில்லை, 2003இல் குறைத்தார்கள். எல்லாம் கடன். அதே ஆய்வின்படி நேரடியாகக் கொல்லப்பட்டோர் ஒன்பது இலட்சம் அளவில்.

இந்தக் கணக்கின் ஒரு மூலை தோட்டத்து லயன் வீடுகள்வரை வருகிறது. 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே இலட்சத்தை ஒட்டிய இலங்கையர் வேலை செய்தார்கள், பெரும்பாலும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள். சம்பளத்தையும் பெட்டியையும் விட்டுவிட்டுப் பாலைவனம் வழியாக ஜோர்தானுக்கு ஓடிவந்தார்கள். அவர்களுக்காவது ஐ.நா. இழப்பீட்டு ஆணைக்குழு இருந்தது. ஓடிவந்ததற்காகத் தனி ஆளுக்கு 2,500 டொலர், வேறு கோரிக்கை வைக்காவிட்டால் 4,000 என்று நிர்ணயித்து, ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் வெட்டிக் கொடுத்தார்கள். மொத்தம் 5,240 கோடி டொலர், கடைசித் தவணை 2022இல். 2003இல் ஈராக்குக்குள் போனவர்கள்மீது அப்படி எந்த ஆணைக்குழுவும் அமைக்கப்படவில்லை. 2006இல் இஸ்ரேல் லெபனானைத் தாக்கியபோதோ, நம் பெண்கள் பலரின் கடவுச்சீட்டு எஜமானின் அலுமாரிக்குள் இருந்தது, ஓடக்கூட வழியில்லை.

செங்கடல் விவகாரம் இன்னும் கிட்டியது. யேமனின் ஹூதி ஆயுதக் குழுவின் தாக்குதலுக்குப் பயந்து கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியதும் ஐரோப்பாவுக்குப் போகும் தேயிலைக் கொள்கலனுக்குப் பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம், கூடுதல் கூலி. அந்தக் கடலுக்குக் கடற்படைக் கப்பல் அனுப்புவதாக 2024 ஜனவரியில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபா செலவு என்று அவரே சொன்னார். அப்போது தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒருவரின் ஒரு நாள் வேலைக்கு, 1,000 ரூபா. அந்தக் கணக்கில் இரண்டரை இலட்சம் பேர். மாதத்துக்கு 25 பேர் என்று வைத்தால், பத்தாயிரம் தொழிலாளரின் ஒரு மாதச் சம்பளம், ஒரு கப்பலின் இரண்டு வாரத்துக்கு. கடல் பாதை திறந்திருப்பது தேயிலைக்கும் நல்லதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த ஆணையின் கீழ் போகிறது, எத்தனை நாள், என்ன நடந்தால் திரும்பும் என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் தராமல் அந்தப் பணத்தைச் செலவழிக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஜூலை 29க்கும் இந்திய இலங்கை ஒப்பந்தம் பற்றிப் பத்திரிகைகளில் கட்டுரைகள் வருகின்றன. இந்த வருடம் தங்கள் பத்திரிகை அந்த ஒப்பந்தத்தையும், பின்னிணைப்பையும், இரு தலைவர்களின் கடிதங்களையும் முழுமையாகத் தமிழில், ஒரே பக்கத்தில் அச்சிடவேண்டும். விளக்கவுரை எதுவும் தேவையில்லை. பாடசாலை உயர்தர மாணவர்கள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளக்கூடிய அளவில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர்,
ஹட்டன்.